எம்.ஏ. சேர்ந்தால் இன்னொரு சீசன் கிடைக்குமா?

டிகிரி முடியப் போகிறது, மேல்படிப்பு சேரலாம் என்றிருக்கிறேன், இன்னும் ஒரு வருடம் காலேஜ் பெயரில் குஸ்தி போடலாமா என்று யாராவது கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது இரண்டுதான். பிளஸ் டூ எந்த வருடம் பாஸ்? பிறந்த தேதி என்ன? எத்தனை மெடல், என்ன வெயிட், யாரிடம் கற்றாய் என்பதெல்லாம் அப்புறம். கோதாவில் நீ எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி, இந்த விஷயத்தில் பேசுவது காகிதம்தான்.

சமீபத்தில் இந்தக் கேள்வி இரண்டு பேரிடமிருந்து வந்தது. ஒருவன் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கத்துப் பையன். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். பையன் சின்ன வயதில் ஆசானிடம் அடிமுறை என்ற நம்மூர்ச் சண்டைக் கலை படித்தவன், குஸ்திக்கு வந்தது காலேஜில் சேர்ந்த பிறகுதான், 65 கிலோ. இன்னொருவன் என் அத்தை மகனுடைய பையன், பென்சில்வேனியாவில் பிறந்து வளர்ந்தவன், அங்கே ஒரு சின்னக் கல்லூரியில் குஸ்தி டீமில் இருக்கிறான். அவனுக்காகப் பேசியது அவன் அப்பா. "மச்சான், நீ அந்தக் காலத்துல யுனிவர்சிட்டிக்குப் போட்டவன்தானே, இவன் மாஸ்டர்ஸ் சேர்ந்தாலும் டீம்ல இருக்கலாம்னு சொல்லுகான். நெஜமா, இல்ல என்னை ஃபீஸ் கட்ட வைக்கதுக்கு ஒரு கதையா?" என்றான். சந்தேகம் நியாயமானதுதான், அங்கே மேல்படிப்பு ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டால் தக்கலையில் உட்கார்ந்திருக்கிறவனுக்கே தலை சுற்றும்.

நெஜம்தான் என்று சொன்னேன். ஆனால் அங்கேயும் இங்கேயும் கணக்குப் போடும் முறை வேறு வேறு, அந்த வித்தியாசத்தைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டின் பெரும்பகுதி என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பின் கையில் இருக்கிறது. அதற்குள் டிவிஷன் ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று தட்டு. நாம் வீடியோவில் பார்க்கிற பென் ஸ்டேட், அயோவா, ஒக்லஹோமா ஸ்டேட் எல்லாம் முதல் தட்டு. அங்கே இத்தனை காலமும் இருந்துவரும் விதி, நான்கு சீசன் ஆடலாம், அதை ஐந்து வருடத்துக்குள் ஆடி முடித்துவிட வேண்டும் என்பது. ஐந்து வருடம் எப்போது தொடங்கும் என்றால், ஏதாவது ஒரு கல்லூரியில் முழுநேர மாணவனாகச் சேர்ந்து வகுப்புக்குப் போகத் தொடங்கும்போது. அந்தக் கல்லூரியில் குஸ்தி டீமே இல்லாவிட்டாலும் தொடங்கியது தொடங்கியதுதான். அதற்குப் பிறகு நீ படிப்பை நிறுத்தினாலும், வேலைக்குப் போனாலும், வீட்டில் படுத்துக் கிடந்தாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். ஐந்து வருடக் கடிகாரம் என்றே அங்கே அதற்குப் பெயர்.

நான்கு சீசன், ஐந்து வருடம், ஆக ஒரு வருடம் உபரி. மேல்படிப்பு மாணவன் உள்ளே நுழைவது இந்த உபரி வழியாகத்தான். பெரிய டீம்களில் புதிதாகச் சேர்ந்த பையனைப் பெரும்பாலும் முதல் வருடம் டீம் சார்பில் இறக்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த 18 வயதுப் பையன் 22 வயதுக்காரனிடம் மாட்டினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும், அதனால் ஒரு வருடம் பயிற்சியிலேயே வைத்து உடம்பை ஏற்றுவார்கள். இதை ரெட்ஷர்ட் என்கிறார்கள். அந்த வருடம் சீசன் கணக்கில் ஏறாது, கடிகாரக் கணக்கில் ஏறும். இப்படி ஆரம்பித்தவன் நான்கு வருடத்தில் டிகிரியை முடிக்கும்போது மூன்று சீசன்தான் ஆடியிருப்பான். நான்காவதையும் ஆட வேண்டுமென்றால் அவன் இன்னும் மாணவனாக இருந்தாக வேண்டும், ஆகவே ஏதாவது ஒரு முதுநிலைப் படிப்பில் சேர்ந்துவிடுவான். அதுவும் முழுநேரமாக. இளநிலைக்காரனுக்கு ஒரு செமஸ்டருக்கு 12 கிரெடிட் என்று பொதுவாக வைத்திருக்கிறார்கள், முதுநிலையில் எது முழுநேரம் என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகம் முடிவு செய்யும். அதே கல்லூரியில்தான் தொடர வேண்டும் என்பதும் இல்லை. டிகிரியைக் கையில் வாங்கிக்கொண்டு வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கே உடனே ஆடலாம். அதனால் ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் மாதம் வந்தால் டிகிரி முடித்த நல்ல வீரர்களை எந்தக் கோச் கொத்திக்கொண்டு போவார் என்பதே அங்கே பெரிய பேச்சு. எம்.பி.ஏ. படிக்கிறார், எஜுகேஷனில் மாஸ்டர்ஸ் படிக்கிறார் என்று டீம் பட்டியலில் எழுதியிருக்கும், அதில் எத்தனை பேர் உண்மையிலேயே அந்தப் படிப்புக்காகச் சேர்ந்தவர்கள் என்று எனக்குள் ஒரு சிரிப்பு.

சரி, கொரோனாவுக்கு வருவோம், ஏனென்றால் இந்த விதி எவ்வளவு தூரம் வளையும் என்று அப்போதுதான் தெரிந்தது. 2020 மார்ச்சில் நடக்க வேண்டிய தேசிய சாம்பியன்ஷிப்பை ரத்து செய்தார்கள். அடுத்த வருடம், 2020-21 சீசனை நடத்தினார்கள், ஆனால் அதை யாருடைய நான்கு சீசன் கணக்கிலும் சேர்க்க வேண்டாம், கடிகாரத்திலும் ஒரு வருடம் கூட்டிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்கள். ஆடினால் பட்டம் உண்டு, கணக்கு கிடையாது. இதன் விளைவு என்ன தெரியுமா? பென் ஸ்டேட்டின் கார்ட்டர் ஸ்டாரோச்சி 2021, 2022, 2023, 2024, 2025 என்று வரிசையாக ஐந்து தேசியப் பட்டம் வாங்கினார். முதல் நான்கு 174 பவுண்டு எடைப் பிரிவில், கடைசி ஒன்று 184 பவுண்டில். நான்கு சீசன்தான் ஆடலாம் என்று விதி இருக்கிற இடத்தில் ஐந்து பட்டம்! டிவிஷன் ஒன்றில் அவருக்கு முன் யாருமே இதைச் செய்ததில்லை, செய்திருக்கவும் முடியாது. அவருடைய கோச் கேல் சாண்டர்சன் தன் காலத்தில் 159 மேட்ச் ஆடி ஒன்றில்கூடத் தோற்காதவர், அவரே நான்கோடு நின்றுவிட்டார். ஸ்டாரோச்சி பெரிய வீரர் என்பதில் சந்தேகமே இல்லை, ஆனால் அந்த ஐந்தாவது பட்டத்துக்குக் கொரோனாவுக்கும் கொஞ்சம் நன்றி சொல்ல வேண்டும்.

அதே சலுகை அயோவாவின் ஸ்பென்சர் லீக்கும் கிடைத்தது. 2018, 2019, 2021 மூன்றிலும் சாம்பியன். 2020-ல் யாராலும் தோற்கடிக்க முடியாத நிலையில் இருந்தார், போட்டியே நடக்கவில்லை. அப்புறம் முழங்கால் இரண்டிலும் அறுவை சிகிச்சை. எல்லாம் முடிந்து 2023-ல் கடைசி வாய்ப்புக்கு வந்தவர் அரையிறுதியில் தோற்றுப் போனார், நான்காவது பட்டம் இல்லை. கூடுதல் வருடம் கிடைத்தால் கூடுதல் பட்டமும் கிடைக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லையே. ஆனால் அவர் கதை அதோடு முடியவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 57 கிலோ ஃப்ரீஸ்டைலில் வெள்ளி வாங்கினார். அதே 57 கிலோவில் வெண்கலம் வாங்கியவர் நம்முடைய அமன் ஷெராவத். இரண்டு பேரையும் தோற்கடித்தது ஒரே ஆள்தான், ஜப்பானின் ரெய் ஹிகுச்சி. அப்போது அமனுக்கு 21 வயது, லீக்கு 25.

இந்த 25-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நம்மூர்க் கதையில் அது வரும்.

எல்லாக் கல்லூரியும் இந்த மாஸ்டர்ஸ் வழிக்கு ஒத்துக்கொள்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஐவி லீக் என்று சொல்லும், படிப்புக்குப் பேர்போன பழைய கல்லூரிகளில் கார்னெல், பிரின்ஸ்டன், ஹார்வர்டு, கொலம்பியா, பிரவுன், பென்சில்வேனியா பல்கலைக்கழகம் ஆகியவற்றில் டிவிஷன் ஒன்று குஸ்தி டீம் இருக்கிறது. முதுநிலை மாணவன் ஆடக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. கொரோனாவுக்காக 2021-22-ல் மட்டும் ஒரு தடவை விட்டுக்கொடுத்தார்கள். படிக்க வந்தாய், படித்து முடித்தாய், கிளம்பு என்பது கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் நடப்பது வேறு. டிகிரி வாங்கினால் ஆட முடியாது என்றால், டிகிரி வாங்குவதைத் தள்ளிப்போடு! கார்னெலில் சேர்வதற்கு முன் ஒரு வருடம் பக்கத்திலேயே இருந்து பயிற்சி எடுப்பது, நடுவில் படிப்பிலிருந்து விடுப்பு எடுப்பது எல்லாம் வழக்கமாகிவிட்டது. யானி டியாகோமிஹாலிஸ் அங்கே 2018, 2019, 2022, 2023 என்று நான்கு பட்டம் வாங்கியவர். நடுவில் ஒரு வருடம் ஒலிம்பிக் தயாரிப்புக்குப் போனார், இன்னொரு வருடம் கொரோனாவால் ஐவி லீக் சீசனையே நடத்தவில்லை. படிப்பை இழுத்துக்கொண்டே ஆடுவதைவிட, படிப்பை முடித்துவிட்டு அடுத்த படிப்பில் சேர்ந்து ஆடுவது எவ்வளவோ யோக்கியம் என்பது என் எண்ணம்.

கடிகாரத்தை நிறுத்தி வைக்கிற காரணங்களும் சில உண்டு. ராணுவச் சேவை, சர்ச் அனுப்பும் மிஷன் ஊழியம் போன்றவற்றில் போன காலம் ஐந்து வருடத்தில் சேராது. பெண்களுக்குக் கர்ப்பகாலத்துக்காக ஒரு வருடம் கூட்டித் தரலாம். பெண்கள் குஸ்திக்கு என்.சி.ஏ.ஏ. தனி சாம்பியன்ஷிப் என்று முடிவெடுத்ததே 2025 ஜனவரியில்தான், அதனால் அந்தச் சலுகை இனிமேல்தான் கோதாவுக்கு அதிகம் தேவைப்படும். காயத்தால் ஒரு சீசன் ஆரம்பத்திலேயே போய்விட்டால் அந்தச் சீசனைத் திருப்பித் தருவார்கள், ஆனால் கடிகாரத்தை நீட்டி ஆறாவது வருடம் தர வேண்டுமென்றால் உன் கையில் இல்லாத காரணத்தால் இரண்டு வருடம் போயிருக்க வேண்டும். இப்போது இதிலெல்லாம் வழக்கு மேல் வழக்கு, ஐந்து வருடத்துக்கு ஐந்து சீசன் என்றே ஆக்கிவிடலாமா என்றும் பேச்சு. கூடுதல் வருடம் யாருக்குக் கொடுத்தாலும் இன்னொருவனுடைய இடம்தான் போகும் என்பதையும் மறக்கக் கூடாது. வீரர்களுக்குக் கல்லூரிகளே பணம் கொடுப்பது பற்றிய வழக்கில் 2025-ல் வந்த கோர்ட் சமரசத்துக்குப் பிறகு அதில் சேர்ந்த கல்லூரிகளில் குஸ்தி டீமில் 30 பேருக்கு மேல் வைக்க முடியாது. 24 வயது எம்.பி.ஏ.காரர் ஒருவர் உள்ளே இருந்தால் 18 வயதுப் பையன் ஒருவன் வெளியே.

நம் பென்சில்வேனியா மருமகப்பிள்ளை இருப்பது மூன்றாம் தட்டில், டிவிஷன் மூன்று. விளையாட்டுக்கு ஸ்காலர்ஷிப்பே கிடையாது, டிவி வெளிச்சமும் பெரிதாக இல்லை. ஆனால் கணக்கு அங்கேதான் எனக்குப் பிடித்திருக்கிறது. காலண்டரைப் பார்ப்பதில்லை, நீ முழுநேரமாகப் படித்த செமஸ்டர்களை மட்டும் எண்ணுகிறார்கள். பத்து செமஸ்டருக்குள் நான்கு சீசன். படிக்காத செமஸ்டர் கணக்கிலேயே வராது. டிவிஷன் இரண்டிலும் இதே எண்ணிக்கைதான்.

அவனுடைய நிலைமை இது. 2021 ஆகஸ்டில் சேர்ந்தான். இரண்டு சீசன் ஆடினான். 2023-ல் தோள்பட்டையில் அறுவை சிகிச்சை, அந்த செமஸ்டர் படிப்பிலிருந்தே விடுப்பு, அந்தச் சீசனும் போயிற்று. திரும்பி வந்து மூன்றாவது சீசனை ஆடினான். 2025 டிசம்பரில் டிகிரி முடிகிறது, எட்டு செமஸ்டர் கணக்கு. சிக்கல் என்னவென்றால் அங்கே குஸ்தி சீசன் நவம்பரில் தொடங்கி மார்ச்சில் முடியும், தேசியப் போட்டி மார்ச்சில். டிசம்பரில் டிகிரியை வாங்கிக்கொண்டு மாணவனாக இல்லாமல் போய்விட்டால், நவம்பர் டிசம்பரில் ஆடிய நாலாவது சீசன் பாதியில் நிற்கும். ஜனவரியில் மாஸ்டர்ஸ் சேர்ந்தால் அது ஒன்பதாவது செமஸ்டர், பத்துக்குள் இருக்கிறது, ஆடலாம். முன்பெல்லாம் டிவிஷன் மூன்றில் இளநிலை படித்த அதே கல்லூரியில் மேல்படிப்பு சேர்ந்தால்தான் ஆட விடுவார்கள், சில வருடங்களுக்கு முன் அதையும் தளர்த்தினார்கள். அவன் இடம் மாறவில்லை, அதனால் அந்தப் பேச்சே இல்லை. "ஒரே ஒரு செமஸ்டர் ஃபீஸ், மச்சான், அவன் அதுக்கப்புறம் படிப்பைத் தொடர்ந்தா லாபம், இல்லன்னா தோள்பட்டைக்குக் கட்டின ஆஸ்பத்திரி பில்லோட சேத்துக்க" என்று சொல்லிவிட்டேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் சிரித்தான்.

இனி குலசேகரத்துக்கு வருவோம்.

நம் நாட்டில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளை நடத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம், ஏ.ஐ.யு. என்று எல்லோரும் சொல்வது. நம் மாவட்டத்துக் கலைக் கல்லூரிகள் பெரும்பாலும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருவதால் யுனிவர்சிட்டி டீமில் இடம் என்றால் அது இருக்கிற அபிஷேகப்பட்டிக்குத்தான் எல்லாக் காகிதமும் போகும். எம்.ஏ. மாணவன் ஆடலாமா என்பதற்கு ஏ.ஐ.யு.விடம் நேரடியான பதில் உண்டு, தாராளமாக ஆடலாம். நாலு சீசன் என்ற எண்ணிக்கை இங்கே கிடையாது. அதற்குப் பதிலாக இரண்டு கடிகாரம். ஒன்று, பிளஸ் டூ பாஸாகி எட்டு வருடம் தாண்டியிருக்கக் கூடாது. இன்னொன்று, அந்தக் கல்வியாண்டின் ஜூலை 1 அன்று 25 வயதைத் தாண்டியிருக்கக் கூடாது. முன்பு வயது வரம்பு 28 ஆக இருந்தது, குறைத்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் காலேஜில் கால் வைக்கும்போது ஓட ஆரம்பிப்பது, இங்கே பிளஸ் டூ ரிசல்ட் வரும்போதே ஓட ஆரம்பித்துவிடுகிறது. காலேஜே சேராதவனுக்கும் ஓடுகிறது. 17 வயதில் பிளஸ் டூ முடித்து நேராக பி.ஏ., நேராக எம்.ஏ. என்று போகிறவனுக்கு இது பிரச்சினையே இல்லை, ஐந்து வருடத்தில் எல்லாம் முடிந்து மூன்று வருடம் மிச்சமும் இருக்கும். அடி யாருக்கு என்றால் நடுவில் வேலைக்குப் போனவனுக்கு. நம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட பையன்கள் எத்தனை பேர்! பிளஸ் டூ முடித்ததும் மாமாவோடு கேரளாவுக்கு டைல்ஸ் வேலை, கல்ஃபில் இரண்டு வருட விசா, கடற்கரைப் பக்கம் என்றால் அப்பாவின் வள்ளத்தில் ஏறுவது, தங்கச்சி கல்யாணக் கடன் அடைந்த பிறகுதான் காலேஜ்.

இந்தப் பையனும் அப்படித்தான். 2001 ஆகஸ்டில் பிறந்தவன், 2019-ல் பிளஸ் டூ. நான்கு வருடம் கொல்லம் பக்கம் டைல்ஸ் வேலை, நடுவில் கொரோனா. 2023-ல்தான் பி.ஏ. சேர்ந்தான். 2026-ல் முடிக்கிறான். 2026 ஜூலை 1 அன்று அவனுக்கு 24 வயதும் பத்து மாதமும் சொச்சமும். ஆகஸ்டுக்குப் பதிலாக மே மாதம் பிறந்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். எட்டு வருடக் கணக்கும் 2027 வரை தாங்குகிறது. ஆக, எம்.ஏ. முதல் வருடம், 2026-27, ஆடலாம். இரண்டாவது வருடம் இரண்டு கடிகாரமும் ஒரே சமயத்தில் கதவைச் சாத்திவிடும். அவனுக்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு சீசன்.

அந்த ஒரு சீசனையும் கெடுக்கக் கூடியது எது தெரியுமா? ஒரு அரியர் பேப்பர். நான் பார்த்த வரையில் நம் பக்கத்துப் பையன்களின் மேல்படிப்பு வருடத்தைத் தின்றது காயமோ, செலக்‌ஷன் அரசியலோ இல்லை, அரியர்தான். ஆறாவது செமஸ்டரில் ஒரு பேப்பர் நின்றுவிட்டால் எம்.ஏ. அட்மிஷன் கிடையாது, நவம்பரில் எழுதி பாஸானால் அடுத்த ஜூன் வரை காத்திருக்க வேண்டும், அந்த ஒரு வருடம் நீ மாணவனும் இல்லை, வீரனும் இல்லை, ஆனால் வயது மட்டும் ஏறும். ரிசல்ட் வருவதற்கு முன்பே தற்காலிகமாக அட்மிஷன் போட்டு வைத்திருக்கிறோம் சார் என்றால் அது போட்டிக்குச் செல்லாது, முறையான அட்மிஷன் வேண்டும். அரசுக் கல்லூரியோ தனியார் கல்லூரியோ, பி.டி. சாரிடம் மூன்று வருடமும் நல்ல பெயர் வாங்கியிருந்தாலும் இதில் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

இன்னொரு பொறி, தொலைநிலைக் கல்வி. வேலை பார்த்துக்கொண்டே எம்.ஏ. தபாலில் படிப்பது நம்மூரில் சர்வ சாதாரணம். அதை வைத்து ஆட முடியாது, வகுப்புக்கு வரும் முழுநேர மாணவனாக இருக்க வேண்டும், படிப்பும் குறைந்தது ஒரு கல்வியாண்டு ஓடுவதாக இருக்க வேண்டும். முழுநேர வேலையில் இருப்பவனுக்கும் அனுமதி இல்லை. ஆக, டைல்ஸ் வேலையையும் வைத்துக்கொண்டு ஒரு சீசன் ஓட்டலாம் என்ற அவனுடைய திட்டம் அங்கேயே அடிபட்டது.

பையனுக்கு இன்னொரு யோசனையும் இருந்தது. குழித்துறையிலிருந்து ரயில் ஏறினால் திருவனந்தபுரம் பக்கம்தானே அண்ணே, கேரளா யுனிவர்சிட்டியில் எம்.ஏ. சேர்ந்தால் என்ன, காரியவட்டத்தில் உடற்கல்விக் கல்லூரியே இருக்கிறது, பயிற்சிக்கு ஆளும் கிடைக்கும் என்றான். யோசனை மோசமில்லை. ஒரு படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பல்கலைக்கழகம் மாறினால்தான் ஒரு வருடம் உட்கார வேண்டிய சிக்கல், டிகிரியை முடித்துவிட்டுப் போகிறவனுக்கு அது இல்லை. ஒரே கல்வியாண்டில் இரண்டு பல்கலைக்கழகத்துக்கு ஆடக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் இவன் கையில் இருப்பது ஒரே வருடம். மாநிலம் தாண்டினால் மைக்ரேஷன் சர்டிபிகேட், எலிஜிபிலிட்டி சர்டிபிகேட் என்று அலைந்து அட்மிஷன் உறுதியாவதற்குள் அங்கே டீம் செலக்‌ஷன் முடிந்துவிட்டால் யாரிடம் போய் அழுவது? இரண்டு வருடம் கையில் இருக்கிறவன் போகலாம். இவனுக்கு நான் இங்கேயே இரு என்றேன்.

வயது வரம்பே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் ஆடுவதற்காகவே ஒவ்வொரு டிப்ளமோவாகச் சேர்ந்து காலேஜை விட்டே போகாத ஆட்கள் இருந்தார்கள், 27, 28 வயதில் மீசையை முறுக்கிக்கொண்டு வந்து முதல் வருடப் பையனைத் தூக்கி அடிப்பார்கள். அதைத் தடுக்கத்தான் வேண்டும். உலகப் பல்கலைக்கழக விளையாட்டுக்கும் மேல்வரம்பு 25 தான், அங்கே ஆள் அனுப்ப வேண்டிய நாடு அதற்கு ஏற்ற மாதிரி வைப்பதில் அர்த்தம் இருக்கிறது. என் புகார் வயதைப் பற்றி இல்லை, அந்த எட்டு வருடத்தைப் பற்றி. காலேஜ் வாசலையே மிதிக்காத நான்கு வருடத்தையும் சேர்த்து எண்ணுவது என்ன நியாயம்? 25-ஐ அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே டிவிஷன் மூன்று மாதிரி படித்த செமஸ்டரை மட்டும் எண்ணினால் போதும், ஆடுவதற்காகவே மாணவனாக இருக்கிறவர்களும் தப்பிக்க முடியாது, டைல்ஸ் வேலைக்குப் போய் வந்தவனும் தண்டனை அனுபவிக்க மாட்டான். இந்தப் பையனுக்கு அதனால் ஒன்றும் மாறாது, அவனை வயதே வெளியேற்றிவிடும். ஆனால் பள்ளிக்கூடத்தில் சீக்கிரமே சேர்த்துவிட்டு 16 வயதிலேயே பிளஸ் டூ முடித்தவன் ஒருவன் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பினால், 25 ஆவதற்கு முன்பே எட்டு வருடம் அவனை வெளியே தள்ளிவிடும்.

அமெரிக்காவில் போய் மாஸ்டர்ஸ் படித்துக்கொண்டே ஆடலாமா என்று கேட்கிற நம்மூர்ப் பையன்களும் இருக்கிறார்கள், வீடியோ பார்ப்பதன் பலன். இங்கே பி.ஏ. சேர்ந்த அன்றே அங்கத்து டிவிஷன் ஒன்று கடிகாரமும் ஓட ஆரம்பித்துவிடும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. அது அமெரிக்கக் கல்லூரியாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. மூன்று வருட பி.ஏ. முடித்துப் போனால் மிச்சம் இரண்டு வருடம், இங்கே காலேஜுக்காக ஆடிய சீசன்களையும் கழிக்கச் சொல்வார்கள். போதாததற்கு அங்கே கல்லூரியில் ஆடுவது ஃப்ரீஸ்டைலே இல்லை, ஃபோக்ஸ்டைல் என்று அவர்களுடைய சொந்த முறை. எதிராளியைக் கீழே போட்டு அடக்கி வைத்திருக்கும் நேரத்துக்கே ஒரு பாயிண்ட் உண்டு, டேக்டவுனுக்கு, அதாவது நின்றுகொண்டிருக்கும் எதிராளியைக் கீழே கொண்டுவந்து பிடியில் வைப்பதற்கு, 2023-24 சீசனிலிருந்து மூன்று பாயிண்ட். நம் பையன் இங்கே கற்றதில் பாதியை மறந்துவிட்டுப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும்.

குலசேகரத்துப் பையனுக்கு இப்போது நான்காவது செமஸ்டர் ஆங்கிலம் ஒன்று நிற்கிறது. அதை முடிக்கும் வரை ஸ்டேடியம் பக்கம் சாயங்காலம் ஒரு மணி நேரத்துக்கு மேல் வராதே என்று சொல்லியிருக்கிறேன், அவன் முகம் தொங்கிப் போனது, போகட்டும். கூடவே இன்னொரு வேலையும் கொடுத்தேன். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பிளஸ் டூ மார்க் ஷீட், ஆதார் மூன்றையும் ஒன்றாக வைத்துப் பிறந்த தேதியைப் பார்க்கச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயது பத்தாமல் இரண்டு மூன்று மாதம் கூட்டி எழுதிவிடுவது நம் பக்கத்தில் புதிதில்லை, ஞானஸ்நான ரிஜிஸ்டரில் ஒரு தேதி, மார்க் ஷீட்டில் ஒரு தேதி என்று இருப்பவர்கள் நிறைய. ஃபார்மில் செல்வது மார்க் ஷீட் தேதிதான். மறுநாள் போட்டோ எடுத்து அனுப்பினான். மூன்றிலும் ஆகஸ்ட்தான் இருக்கிறது, ஆதாரில் மட்டும் அப்பா பெயரில் ஒரு எழுத்து தப்பு. ஜூலையில் போனஃபைட் சர்டிபிகேட் கேட்கும்போது அது ஒரு தலைவலியாக வரும், அதனால் இந்த வாரமே குலசேகரம் இ-சேவை மையத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறேன்.